கிளாசிக் 350 வாங்கி ஓட்டிப் பழக முழுமையான வழிகாட்டி: எதை முதலில், எதைப் பிறகு

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கிய புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல. வீட்டு வாசல் சரிவிலும், பெட்ரோல் பங்கின் எண்ணெய் படிந்த தரையிலும், கோயில் முன்னால் குவிந்த மணலிலும்தான் போடுகிறார்கள். இன்ஜினின் திறன் 20 குதிரைத்திறனைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆளைச் சோதிப்பது அதன் 195 கிலோ எடை.

ஆகவே இந்த வண்டியைப் பழக ஒரு வரிசை உண்டு. நிற்கும் வண்டியைக் கையாளக் கற்றபின் மெதுவாக ஓட்ட வேண்டும், பிரேக் கைவந்தபின் வேகத்துக்குப் போக வேண்டும், பராமரிப்பு பழக்கமானபின் தொலைதூரம் கிளம்ப வேண்டும். பலர் வாங்கிய வாரமே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன.

கீழே உள்ளவை 2021 செப்டம்பருக்குப் பின் வந்த 349 சிசி இன்ஜின் கொண்ட கிளாசிக்கை வைத்து எழுதியவை. அதே இன்ஜின் பொருத்திய மீட்டியார், ஹன்டர், புதிய புல்லட் 350 ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. வாங்கும் முன்: தள்ளிப் பாருங்கள்

ஷோரூமில் எல்லோரும் வண்டியின் மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள், யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. இருக்கை உயரம் 805 மி.மீ. வண்டி ஓட்டும்போது அணியப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டியதில்லை, ஒன்று உறுதியாகப் பதிந்தால் போதும். உட்கார்ந்தபடியே கால்களால் வண்டியைப் பின்னோக்கி நகர்த்துங்கள். பிறகு இறங்கி நின்று பத்தடி தள்ளுங்கள். இவை முடிந்தால் வண்டி உங்களுக்கு ஆகும்.

அடுத்து சக்கரத்தைப் பாருங்கள். கம்பி சக்கரம் அழகானது, ஆனால் அதற்குள் டியூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும், இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் அதற்கு ஆள் கிடைப்பது கடினம். சில வகைகளில் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் வருகின்றன. பஞ்சர் ஒட்டும் பொருளும் சிறிய பம்பும் கையிலிருந்தால் ஓரமாக நிறுத்தி நீங்களே சரிசெய்து கிளம்பலாம். தனியாக வெளியூர் போகிறவருக்கு என் பரிந்துரை அலாய்தான்.

விலை குறைந்த வகைகளில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு). மேல் வகைகளில் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். கூடுதல் பணத்தை நிறத்துக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? 2021க்கு முந்தைய கிளாசிக் 346 சிசி இன்ஜின் கொண்டது. அதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் தண்டு கிடையாது, உதிரிபாகங்களும் வேறு. விற்பவர் பேச்சை மட்டும் நம்பாமல் ஆர்.சி.யில் உள்ள சிசி அளவைப் பாருங்கள்.

2. காகிதங்களும் உடுப்பும்

கியர் வண்டி ஓட்டும் உரிமம் தேவை. கியரில்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த உரிமம் செல்லாது. விபத்து நடந்தால் காப்பீட்டுக் கோரிக்கை இந்த இடத்தில்தான் சிக்கும்.

புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். ஐந்தாண்டுக்கு எல்லாம் இருக்கிறது என்று நினைத்து இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் பலர். இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி தேவை. கணுக்காலை மூடும் ஷூவும் முதல் நாளிலிருந்தே வேண்டும், வண்டி சாயும்போது முதலில் மாட்டுவது கணுக்கால்தான்.

3. இன்ஜினை அணைத்துவிட்டு முதல் பாடம்

ஒரு மாலை நேரத்தை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள். சமதளமான சிமென்ட் தரையும் துணைக்கு ஒருவரும் இருந்தால் போதும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் முதல் மாதத்தில் கிளட்ச் லீவரை உடைக்கிறார்கள்.

தள்ளுதல்: எப்போதும் வண்டியின் இடப்பக்கம் நில்லுங்கள். இரண்டு கைகளும் இரண்டு பிடிகளில், வலக்கை விரல்கள் முன்பிரேக்கின் மேல். வண்டி மிகச் சற்றே உங்கள் பக்கம் சாய்ந்து இடுப்பில் படியட்டும். நேராக நிறுத்தித் தள்ளினால் அது எந்த நொடியிலும் எதிர்ப்பக்கம் போகலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் 195 கிலோவைக் கையால் இழுத்துப் பிடிக்க முடியாது.

சென்டர் ஸ்டாண்டு: இதைக் கைபலத்தால் தூக்க முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை இருக்கைக்குப் பின்னுள்ள பிடிகம்பியில். வலக்காலால் ஸ்டாண்டை அழுத்தி, அதன் இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையைத் தொடுகின்றனவா என்று உணருங்கள். தொட்டதும் உங்கள் முழு எடையையும் அந்தக் காலின் மேல் இறக்குங்கள், வண்டி தானாகப் பின்னோக்கி ஏறிவிடும். ஒரு பாதம் மட்டும் தொட்ட நிலையில் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் சரியும்.

இறக்கும்போது முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டி வையுங்கள். கைநழுவி வண்டி உங்கள் பக்கம் சாய்ந்தாலும் அது தாங்கிக்கொள்ளும்.

சைடு ஸ்டாண்டு: அது பின்னோக்கி மடங்கும். எனவே இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி முன்னால் உருண்டு, ஸ்டாண்டு மடங்கி, சாய்ந்துவிடும். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க வேண்டும், முதல் கியரிலும் போட்டு வைக்க வேண்டும். வெயிலில் இளகிய தார், மழைக்குப் பின் ஈர மண் ஆகிய இடங்களில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள்.

சைடு ஸ்டாண்டு போட்டிருக்கும்போது கியரைப் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும். இது பாதுகாப்பு ஏற்பாடு. வண்டி பழுதாகிவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மூன்றைப் பாருங்கள்: ஸ்டாண்டு மடிந்திருக்கிறதா, இன்ஜினை அணைக்கும் வலக்கைப் பக்கத்து சுவிட்ச் சரியான நிலையில் இருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா.

விழுந்த வண்டியைத் தூக்குதல்: முதலில் இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டிவிடுங்கள், நிமிர்த்தியபின் மறுபக்கம் விழாது. முடிந்தால் முதல் கியரில் போடுங்கள். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமாக முழுதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரின் பிடியையும் மறு கையால் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள உறுதியான கம்பியையும் பற்றுங்கள். பின்பு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள். வேலை தொடைக்கு, முதுகுக்கு அல்ல. பெட்ரோல் வாடை அடித்தால் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

4. நடை வேகத்தில் ஓட்டுதல்

வேகமாகப் போகும் கனமான வண்டி தானே நிலைத்து நிற்கும், மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுபவர் தாங்க வேண்டும். அதனால் பயிற்சி மெதுவிலிருந்து தொடங்குகிறது.

காலி மைதானத்தில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி நேர்க்கோட்டில் நடை வேகத்தில் போங்கள். பின்பிரேக்கின் சிறு இழுப்பு வண்டியை நிமிர்த்தி வைக்கும். இது கைவந்ததும் அகலமான வட்டம், பிறகு அதைக் குறுக்கி யூ-டர்ன். பார்வை நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு எதிரே உள்ள தரையைப் பார்த்தால் வண்டி அங்கேயே இறங்கும்.

இந்த எடையில் ஒரு விதியை மறக்கவே கூடாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது நடை வேகத்தில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். முன்சக்கரம் நின்றதும் எடை முழுவதும் திரும்பிய பக்கமாகச் சரியும், காலை ஊன்றினாலும் தாங்காது. பெட்ரோல் பங்கில் வண்டிகள் விழுவது இப்படித்தான். நிறுத்தும் முன் ஹேண்டில்பாரை நேராக்குங்கள்.

கியர் லீவரை முன்னால் கால்விரலாலும் பின்னால் குதிகாலாலும் மிதிக்கலாம். ஒன்று கீழே, மற்ற நான்கும் மேலே. பாதி அழுத்தத்தில் விட்டால் இரண்டு கியருக்கும் நடுவில் எதிலும் சேராமல் நிற்கும். அழுத்துவதை முழுதாக அழுத்தி, கிளட்சை விட்டபின் காலை எடுங்கள்.

5. முதல் 500 கிலோமீட்டர்

புது இன்ஜினில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்த வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் அது சீராக நடப்பதில்லை. வேகத்தை ஏற்றி இறக்கி, கியர்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகாதீர்கள். நகரத்துக்குள் அன்றாட ஓட்டமே இதற்கு ஏற்றது.

எதிர்த் தவறும் உண்டு. "தட் தட்" சத்தம் நன்றாகக் கேட்கிறது என்பதற்காக நான்காம், ஐந்தாம் கியரில் ஊர்ந்து போகிறார்கள். இந்த வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, உடம்பால்தான் உணர வேண்டும். இன்ஜின் உதறி செயின் வெடுக்கென்று இழுத்தால் கியர் அதிகம், ஒன்று குறையுங்கள். அந்த உதறல் செயினையும் பற்சக்கரத்தையும் தின்னும். முறுக்குவிசை (டார்க்) 27 நியூட்டன் மீட்டர், அதன் உச்சம் 4000 ஆர்.பி.எம்.மில். முழுப் பலமும் அடிமட்டத்திலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

500 கிலோமீட்டரில் வரும் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். உரசலில் பிறந்த உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கின்றன.

6. பிரேக் கைவந்தபின் வேகம்

ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்கள் பின்பிரேக்கையே நம்புகிறார்கள், முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம் ஊரெங்கும் உண்டு. உண்மையில் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாய்கிறது. அப்போது பிடிமானம் முன்சக்கரத்தில்தான் கூடுகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் 300 மி.மீ. டிஸ்க்குடையது.

ஆளில்லாத நேரான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். முன்பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காமல், முதலில் மெல்ல அழுத்தி முன்பகுதி தாழ்ந்ததை உணர்ந்தபின் பிடியை இறுக்குங்கள். பின்பிரேக்கும் உடன் வரட்டும். பிறகு 40, பிறகு 50. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் துடிக்கும். பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள், விடாமல் பிடியுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது இந்த ஏபிஎஸ்ஸை நம்ப முடியாது, எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு வகுத்த உச்சவரம்பு 80 கி.மீ. இந்த இன்ஜினுக்கும் அதுதான் இதமான வேகம். 100ஐத் தாண்டினால் அதிர்வு கால்தாங்கிகளில் ஏறுகிறது, முந்துவதற்கு வேண்டிய மிச்சத் திறனும் இருக்காது. லாரியை முந்தும் முன் ஒரு கியர் குறைத்து, எதிரே நீண்ட இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்புங்கள்.

7. வாரம் ஒருமுறை: டயர், ஆயில், செயின்

டயர்: காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதியுங்கள். ஓடிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்தால் மறுநாள் பற்றாக்குறையாகிவிடும். தனியாகப் போவதற்கும் இருவராகப் போவதற்கும் வேண்டிய அளவுகள் கையேட்டில் இருக்கின்றன. சொந்தமாக ஒரு சிறிய அழுத்தமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயில்: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, ஆயில் அடியில் இறங்கும்வரை காத்திருந்து வலப்பக்கக் கண்ணாடித் துளையில் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு ஆயில் குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றுவது பரவலான தவறு. ஆயில் ரகம் 15டபிள்யூ-50, ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 குறியீடு உள்ளது. இந்த வண்டியில் கிளட்ச் தகடுகள் அதே ஆயிலில்தான் நனைகின்றன. கார் ஆயிலில் உள்ள வழுவழுப்பூட்டிகள் கிளட்சை நழுவ வைக்கும்.

செயின்: 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டியபின் கட்டாயமாகவும் இதைக் கவனியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கிறார்கள் சிலர். துணி பற்சக்கரத்தில் சிக்கினால் விரல் அதன் பின்னாலேயே போகும். இதை எந்த மெக்கானிக் செய்து காட்டினாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

இந்தச் செயினின் இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்து வைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் உள்ளன. பெட்ரோல், தின்னர், இரும்புக்கம்பி பிரஷ் மூன்றும் அவற்றைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியோ செயின் கிளீனரோ போதும். காய்ந்தபின் செயினின் கீழ்ப்பகுதியில், உட்புறத்தில் செயினுக்கான மசகு எண்ணெய் அடியுங்கள். சுழலும்போது அது வெளிநோக்கித் தள்ளப்பட்டு இணைப்புகளுக்குள் இறங்கும். இதை ஓட்டி முடித்த மாலையில் செய்தால் இரவெல்லாம் ஊறும். காலையில் கிளம்பும் முன் அடித்தால் பாதி பின்டயரில் தெறிக்கும்.

தொய்வைச் சோதிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். செயின் சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளந்து கையேட்டிலுள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். புதியவர்கள் தொய்வே கூடாதென்று விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே போய்ச் செயின் இன்னும் இறுகும், பேரிங்குகள் கத்தத் தொடங்கும். பின் அச்சின் இரண்டு பக்கத்துக் குறிகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு நட்டை முறுக்கியபின் தொய்வை மறுபடி அளக்க வேண்டும், முறுக்கும்போது அது மாறியிருக்கும்.

8. மாற்ற வேண்டாதவை

சத்தமான சைலன்சர் சட்டப்படி தவறு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. இன்ஜினுக்கு வரும் காற்று-எரிபொருள் கணக்கும் கெடுகிறது. பின்சக்கரத்தருகே உள்ள சாரி கார்டை அழகுக்காகக் கழற்றுகிறார்கள். அது இல்லாத வண்டியில் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்துக்குள் போனால் பின்னால் இருப்பவரின் உயிரே போகலாம். கழற்றியிருந்தால் இன்றே மாட்டுங்கள்.

போட வேண்டியது ஒன்று உண்டு: உறுதியான இன்ஜின் கார்டு. வண்டி சாய்ந்தாலும் கால் அடியில் நசுங்காது.

9. இருவராக, சுமையோடு, மலைக்கு

பின்னால் ஆள் ஏறினால் இரண்டு வேலைகள். பின்டயர் காற்றைக் கூட்டுங்கள், பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் கூட்டுங்கள். அதில் ஆறு படிகள் உண்டு, இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது ஷோரூமிலிருந்து வந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. பின்பகுதி தாழ்ந்தால் முன்சக்கரத்தின் பிடி தளரும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

டேங்க் கொள்ளளவு 13 லிட்டர். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தாலும் 300 கி.மீ.க்குள் நிரப்பிவிடுங்கள். மலை ஏறும் முன் அடிவாரத்திலேயே நிரப்புவது நல்லது.

மலைப் பழக்கத்தை ஏலகிரியில் தொடங்குங்கள், 14 வளைவுகள்தான். கொல்லிமலையின் 70 வளைவுகள் பிறகு. ஏறும்போது கொண்டை ஊசிக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ, வளைவு செங்குத்தாக இருந்தால் முதல் கியருக்கோ வந்துவிடுங்கள். நடு வளைவில் இன்ஜின் திணறி அணைந்தால் வண்டி சாயும்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருண்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் எண்ணெய் கொதித்தால் லீவர் பிடி கொடுக்காமல் கைக்குள் வந்துவிடும். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து முழுதாக விடுங்கள், அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும்.

10. மழை, வெள்ளம், கடற்காற்று

வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கிய தண்ணீர் காற்று வடிகட்டியின் உயரத்தை எட்டியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடாமல் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ பணிமனைக்குப் போங்கள். தண்ணீர் அந்த அளவுக்கு ஏறாமல் கடந்திருந்தால், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துங்கள்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் கம்பி சக்கரத்தையும் குரோமையும் பிடிக்கும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, ஆணிகளின் தலைகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சக்கர அச்சின் மேலோ செயின் மேலோ காட்டாதீர்கள், அது கிரீஸை வெளியேற்றிவிடும்.

வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வண்டியை முழுதாக உலர்த்தியபின்தான் உறை போட வேண்டும். ஈர வண்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளேயே வேர்த்துத் துருப் பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனை வயரைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஸ்டார்ட் செய்யும் முன் டயர் காற்று, ஆயில் அளவு, செயின் ஆகியவற்றைப் பார்த்து, பிரேக் லீவரையும் பெடலையும் சில முறை அழுத்தி இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.